மதுரைக்கு முன்பே தொடங்க வேண்டிய சிகிச்சை

ராமேசுவரம் தீவில் பிறந்த குழந்தைக்கு உணவுக்குழாய் அடைபட்டிருந்தாலோ, குடல் முறுக்கிப் பச்சையாக வாந்தி எடுத்தாலோ, பெற்றோர் நம்பியிருப்பது சுமார் 170 கிலோமீட்டர் தள்ளியிருக்கும் மதுரை அரசு ராஜாஜி மருத்துவமனையை. ரத்த ஓட்டம் நின்ற குடல் சில மணி நேரத்தில் அழுகத் தொடங்கும். பாம்பன் பாலம் தாண்டி மதுரை போய்ச் சேரவே ஏறக்குறைய மூன்று மணி நேரம் ஆகிறது. இடைவழியில் ராமநாதபுரத்தில் 2022 ஜனவரியில் அரசு மருத்துவக் கல்லூரி திறக்கப்பட்டது. எம்.பி.பி.எஸ். கல்லூரிக்குக் குழந்தை அறுவைச் சிகிச்சைத் துறை கட்டாயமில்லை என்கிறது விதி. ஆனால் இந்தக் கடலோரத்தின் தேவை விதியோடு முடிவதில்லை. பச்சிளங்குழந்தைக்கான மயக்க மருத்துவமும் அறுவைச் சிகிச்சைக்கு முன்னும் பின்னும் தேவைப்படும் தீவிர சிகிச்சையும் இரவு பகலாக அங்கே உறுதி செய்யப்பட வேண்டும்.

பிறவியிலேயே குடல், உணவுக்குழாய்க் குறைபாடுகளோடு வந்த குழந்தைகளைப் பற்றி 74 நாடுகளின் 264 மருத்துவமனைகளில் நடத்தப்பட்ட ஆய்வு 2021இல் 'லான்செட்' இதழில் வெளியானது. ஏழை நாடுகளில் நூற்றுக்கு 40 குழந்தைகள் இறந்தன; நடுத்தர வருமான நாடுகளில் 20; பணக்கார நாடுகளில் 6க்கும் குறைவு. குறைபாடுகள் எங்கும் ஒன்றுதான். வந்து சேரும்போதே ரத்தத்தில் கிருமித்தொற்று பரவியிருந்ததும், தேவைப்பட்ட வென்டிலேட்டரோ நரம்பு வழி ஊட்டமோ கிடைக்காததும் மரணத்தோடு நெருங்கிய தொடர்பு கொண்டிருந்தன. அதாவது, கத்தியைக் கையில் எடுக்கும் முன்னும், தையல் போட்ட பின்னும் நடப்பவையே பல குழந்தைகளின் உயிரைத் தீர்மானிக்கின்றன.

இத்தகைய குறைபாடுகள் அபூர்வம், மாவட்டத்துக்கு ஓர் அறுவை நிபுணரை அமர்த்தினால் போதிய பயிற்சியின்றி அவர் கைத்திறன் மங்கிவிடும் என்பது வலுவான ஆட்சேபம். சிக்கலான அறுவைகள் மதுரையிலேயே நடக்கட்டும். அதில் நமக்கு மறுப்பில்லை. ஆனால் அந்தக் குழந்தை மதுரைக்கு உயிரோடும், உடல் சூட்டோடும் போய்ச் சேர வேண்டுமே! மூன்று கிலோ குழந்தையின் உடலில் இருப்பது சுமார் 250 மில்லி ரத்தம். எடைக்கு எடை பார்த்தால் பெரியவர்களைப் போல் இரு மடங்கு ஆக்சிஜன் அதற்குத் தேவை. மூச்சு நின்றால் நொடிகளில் நீலம் பாய்ந்துவிடும். மூச்சுக்குழாய் பொருத்துவதும், குளுக்கோஸ் அளவைச் சரியாக வைத்திருப்பதும், அடைபட்ட உணவுக்குழாயில் தேங்கும் எச்சிலை விடாமல் உறிஞ்சி எடுப்பதும், வெளியே பிதுங்கிய குடலைத் தூய உறையால் மூடுவதும் பயிற்சி பெற்ற கைகளின் வேலை. இந்தக் கைகளுக்கு வேலை இல்லாமலும் போகாது: குறைமாதக் குழந்தைகளுக்கும், மூச்சுத்திணறலோடு பிறப்பவர்களுக்கும், விபத்தில் சிக்கிய சிறுவர்களுக்கும் அதே மயக்கவியல் மருத்துவரும் அதே செவிலியரும்தான் தேவை. கட்டடத்தைவிட இவர்களைத் தக்கவைப்பதே கடினம் என்பது உண்மை. கடலோரப் பணிக்குக் கூடுதல் படியும், மதுரையில் முறைவைத்துப் பயிற்சியும் தருவதே அதற்கு வழி.

பிறப்புக்கு முன்பே செய்ய வேண்டியதும் உண்டு. ஐந்தாம் மாத ஸ்கேனில் பல குறைபாடுகள் தெரிந்துவிடும். தெரிந்தால் அந்தத் தாய் மதுரையிலேயே பிரசவிக்க ஏற்பாடு செய்வது, பிறந்த சிசுவை 108இல் தூக்கிக்கொண்டு ஓடுவதைவிட எவ்வளவோ பாதுகாப்பானது. பிறவி இதயக் குறைபாட்டுக்காகக் கேரளம் 2017இல் தொடங்கிய 'ஹிருத்யம்' திட்டத்தில் குழந்தையின் பெயர் பதிவானதும் எந்த மருத்துவமனை என்பதை அரசே ஒருங்கிணைக்கிறது. அதே ஒழுங்கு இங்கே குடலுக்கும் உணவுக்குழாய்க்கும் வேண்டும். பெற்றோர் ஒவ்வொரு வாசலாக ஏறி இறங்கக் கூடாது. மண்டபம், தங்கச்சிமடம் ஊர்களில் ஸ்கேன் எடுத்துக்கொள்ளும் மீனவப் பெண்ணுக்கு அதன் முடிவை விளக்கிச் சொல்லி, மதுரையில் நாள் குறித்துத் தருவது ஆரம்ப சுகாதார நிலையத்தின் கடமையாக்கப்பட வேண்டும். ராமநாதபுரம் கல்லூரிக்கான மயக்கவியல், தீவிர சிகிச்சைப் பணியிடங்களைச் சுகாதாரத் துறையின் அடுத்த மானியக் கோரிக்கையிலேயே அரசு அறிவிக்க வேண்டும்.