காணியில் இருக்கிறது கணிதம்
அறிவியல், கணித ஆசிரியர் பயிற்சி, மாணவர்களின் வாழ்க்கைச் சூழலை அறிவதிலிருந்தே தொடங்க வேண்டும். தமிழ்நாட்டின் மாநிலக் கல்விக் கொள்கை 2025 ஆகஸ்ட் 8 அன்று வெளியாகிவிட்டது. அதை வகுப்பறைக்குக் கொண்டுசேர்க்க வேண்டியவர்கள் ஆசிரியர்களே. எடுத்துக்காட்டாக, நில அளவில் 24 அடிச் சதுரம் ஒரு குழி, 100 குழி ஒரு காணி, அது சுமார் 132 சென்ட். விழுப்புரம் மாவட்டம் காணை வட்டார வயல்களில் புழங்கும் இந்தக் கணக்கிலேயே பரப்பளவு, விகிதம், அலகு மாற்றம் மூன்றும் அடங்கியுள்ளன. திருவக்கரைக் கல்மரங்களும் மரக்காணம் உப்பளங்களும் இம்மாவட்டத்தின் திறந்தவெளி ஆய்வகங்கள். பள்ளிக்கு வெளியே உள்ள வாழ்வோடு அறிவை இணைக்குமாறு 2005-ஆம் ஆண்டின் தேசியக் கலைத்திட்ட வடிவமைப்பே வலியுறுத்தியது. உள்ளூர்ச் சான்றுகள் பாடத்தின் தரத்தைக் குறைக்கும் என்ற அச்சத்துக்கு அடிப்படையில்லை. அவை தொடக்கப்புள்ளி, எல்லையல்ல. அதேவேளை, எந்தப் பிள்ளையையும் பெற்றோரின் தொழிலோடு முடிச்சுப் போடக் கூடாது. 1953-இன் குலக்கல்வித் திட்டத்தை எதிர்த்து வீழ்த்திய மாநிலம் இது. இந்த எச்சரிக்கையோடு, தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பிலும் பி.எட். படிப்பிலும் உள்ளூர்க் கள ஆய்வும் அதன்வழி பாடத்திட்டம் தயாரித்தலும் மதிப்பெண்ணுடன் கூடிய கட்டாயப் பகுதியாக வேண்டும். பணியிலுள்ள ஆசிரியர்களுக்கு வட்டார அளவில் பயிற்சியும், பதிவேட்டுச் சுமையைக் குறைத்து அதற்கான நேரமும் அரசு தர வேண்டும். இதை வரும் கல்வியாண்டிலேயே தொடங்குவது அரசின் கடமை.