மண்டபத்துப் பொங்கல் மட்டும் போதாது

ஜனவரி பிறந்தால் டொரன்டோ, லண்டன், சிட்னி, நியூஜெர்சி என்று தமிழர் வாழும் ஊர்களிலெல்லாம் தமிழ்ச் சங்கங்கள் மண்டபம் தேடத் தொடங்கிவிடும். தை முதல் நாளை ஒட்டி வரும் சனி, ஞாயிறுகளில் பொங்கல் விழா நடக்கும். குத்துவிளக்கு, தமிழ்த்தாய் வாழ்த்து, பிள்ளைகளின் நடனம், பட்டிமன்றம், உணவகத்திலிருந்து வந்திறங்கும் சாப்பாடு, முன்வரிசையில் சால்வை போர்த்திய உள்ளூர் அரசியல் தலைவர் என்று நிகழ்ச்சி நிரல் பெரும்பாலும் ஒன்றுபோலவே இருக்கும். இந்த உழைப்பின் பலன் சிறியதல்ல. கனடாவின் ஒன்டாரியோ மாகாணம் 2014-இல் ஜனவரியைத் தமிழ் மரபுத் திங்களாக அறிவித்துச் சட்டம் இயற்றியது. 2016-இல் கனடிய நாடாளுமன்றம் நாடு முழுமைக்கும் அதை ஏற்றுத் தீர்மானம் நிறைவேற்றியது. ஆனால் தீர்மானம் நிறைவேறிய நாட்டிலேயே, தமிழ்க் குடும்பத்தின் அடுத்த வீட்டில் பல ஆண்டுகளாகக் குடியிருக்கும் ஒருவர் பொங்கலை ஒரு வாய் சாப்பிட்டுப் பார்த்திருப்பாரா? பெரும்பாலும் இருக்காது. மண்டபம் வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. ஒவ்வொரு குடும்பமும் தன் வீட்டிலும் அடுப்பேற்றி, தமிழர் அல்லாத நண்பர்கள் இரண்டு மூன்று பேரை உட்காரவைத்துப் பரிமாற வேண்டும். அயல்நாட்டில் ஒரு பண்டிகை வேர்விடுவது அங்கேதான்.

மண்டபத்துக்கு வரும் வேற்றுமொழிக்காரர் பார்வையாளராகத்தான் இருக்க முடியும். மேடையைப் பார்ப்பார், கைதட்டுவார், வரிசையில் நின்று சாப்பாடு வாங்குவார், போய்விடுவார். எதற்காகப் பாலைப் பொங்கவிடுகிறார்கள், வெல்லம் எதிலிருந்து வருகிறது, இரண்டு பொங்கலில் ஒன்று ஏன் இனிக்கவில்லை என்றெல்லாம் கேட்க அவருக்கு அங்கே ஆள் கிடைப்பதில்லை. வீட்டில் அப்படியில்லை. அடுப்படியில் நின்றுகொண்டே பேசலாம், முந்திரி வறுபடும் வாசனை மூக்கில் ஏறும், கரண்டியைக் கையில் வாங்கிக் கிளறிப் பார்க்கலாம். அந்த வீட்டுப் பிள்ளைக்கும் அது வேறோர் அனுபவம். பள்ளியில் தன் சாப்பாட்டு டப்பாவைத் திறக்கக் கூச்சப்படும் பிள்ளை, தன் வகுப்புத் தோழன் இரண்டாவது முறை கேட்டு வாங்கிச் சாப்பிடுவதைத் தன் வீட்டு மேசையிலேயே பார்க்கிறது. பண்பாட்டு வகுப்புகள் வருடக்கணக்கில் சொல்லிக்கொடுப்பதை அந்த ஒரு மாலை செய்துவிடும்.

இதற்கு மலேசியாவே சான்று. அங்கே சரவாக் மாநிலம் தவிர எல்லா மாநிலங்களிலும் தீபாவளி பொது விடுமுறை. ஆனால் தீபாவளியை மலாய்க்காரருக்கும் சீனருக்கும் நெருக்கமாக்கியதில் விடுமுறைக்கு இருக்கும் பங்கைவிடத் ‘திறந்த இல்ல உபசரிப்பு’க்கு இருக்கும் பங்கு பெரிது. நோன்புப் பெருநாளுக்கு மலாய்க்காரர் வீட்டிலும், புத்தாண்டுக்குச் சீனர் வீட்டிலும், தீபாவளிக்குத் தமிழர் வீட்டிலும் கதவு திறந்திருக்கும். உடன் வேலை செய்பவர், பிள்ளையோடு படிப்பவர், அதே வரிசையில் குடியிருப்பவர் எல்லாரும் வந்து சாப்பிட்டுப் போவார்கள். முஸ்லிம் நண்பர்கள் வருவார்கள் என்பதற்காகவே ஹலால் சமையற்காரரிடம் சாப்பாடு சொல்லும் இந்து வீடுகள் உண்டு. சைவமாகவே முடித்துக்கொள்ளும் வீடுகளும் உண்டு. சீனர்கள் பணம் வைத்துத் தரும் சிவப்பு உறையைப் பார்த்துத் தமிழர்களும் தீபாவளிக்குப் பிள்ளைகளுக்கு உறையில் பணம் வைத்துத் தரப் பழகினார்கள். முறுக்கு என்றால் என்னவென்று அங்கே யாருக்கும் விளக்க வேண்டியதில்லை. கொடுக்கல் வாங்கல் இந்த அளவுக்கு இயல்பாகிவிட்டது வீடுகளின் வழியாகத்தான்.

மலேசியாவில் தமிழர்கள் பல தலைமுறைகளாக வாழ்கிறார்கள், அரசே திறந்த இல்ல உபசரிப்பு நடத்துகிறது, ஐரோப்பாவிலும் அமெரிக்காவிலும் அந்த வழக்கம் எப்படி வரும் என்று கேட்கலாம். அரசு முந்துமா அடுப்படி முந்துமா என்பதற்கு அமெரிக்காவின் நன்றி தெரிவிக்கும் நாள் விடை சொல்கிறது. அதைத் தேசியப் பண்டிகையாக்க வேண்டும் என்று சாரா ஜோசஃபா ஹேல் என்ற பத்திரிகை ஆசிரியை ஆண்டுக்கணக்கில் எழுதினார். ஆளுநர்களுக்கும் குடியரசுத் தலைவர்களுக்கும் கடிதம் அனுப்பியதோடு அவர் நிற்கவில்லை. அந்த நாளில் என்ன சமைப்பது, எப்படிச் சமைப்பது என்பதையும் தம் இதழில் வெளியிட்டுக்கொண்டே இருந்தார். லிங்கன் 1863-இல் நாடு தழுவிய அறிவிப்பை வெளியிட்டபோது பல மாநிலங்களில் வீடுகள் ஏற்கெனவே அந்த விருந்தை வைத்துக்கொண்டிருந்தன. நவம்பர் மாத நான்காம் வியாழன் என்று சட்டம் நாள் குறித்தது 1941-இல்தான். முதலில் வீட்டு மேசை, பிறகு அரசு அறிவிப்பு, கடைசியில் சட்டம். நம்மவர்கள் கனடாவில் தீர்மானத்தை முதலில் பெற்றுவிட்டார்கள். வீட்டு மேசைதான் பாக்கி.

அறுவடையும் வயலும் இல்லாத ஊரில், சூரியனே சரியாகத் தெரியாத ஜனவரியில் பொங்கலுக்கு என்ன பொருள் என்று கேட்பவர்கள் உண்டு. சென்னையில் அடுக்குமாடி வீட்டில் குக்கரில் பொங்கல் வைப்பவரும் கதிர் அறுத்தவரல்லர். அவர் கொண்டாட்டத்தை யாரும் குறைசொல்வதில்லை. சூரியன் பற்றிய கேள்வி அதைவிடச் சுவையானது. நார்வேயின் வடகோடியில் ஃபின்மார்க் கடலோர ஊர்களின் மீன் பதனிடும் ஆலைகளுக்கு 1980-களிலிருந்து ஈழத்தமிழர்கள் வேலைக்குப் போனார்கள். நவம்பர் பிற்பகுதியிலிருந்து ஜனவரி மூன்றாம் வாரம் வரை அந்தக் கரையோரத்தில் சூரியன் அடிவானத்துக்கு மேலே வருவதேயில்லை. அதாவது, தை முதல் நாள் அங்கே சூரியனில்லாப் பொங்கல். ஆனால் அதே வட நார்வேயில், ட்ரொம்ஸோ நகரத்தார் ஜனவரி 21-ஐச் சூரிய நாள் என்று கொண்டாடுகிறார்கள். மலைக்குப் பின்னாலிருந்து சூரியன் மீண்டும் தலைகாட்டும் அந்த நாளில், பள்ளிகளிலும் அலுவலகங்களிலும் சூரியன் பெயரிலேயே வழங்கும் இனிப்புப் பன் தின்பார்கள். இரண்டு மாத இருட்டுக்குப் பிறகு வெளிச்சத்தை எதிர்பார்த்து நிற்கும் மனிதருக்குச் சூரியனுக்கு நன்றி சொல்லும் விருந்தைப் பற்றி நாம் என்ன பெரிதாக விளக்கிவிடப் போகிறோம்? இப்படிப்பட்ட அயலாரிடம் பொங்கலைக் கொண்டுபோகாமல் சங்கத்து மண்டபத்துக்குள்ளேயே வைத்துக்கொள்வது எனக்கு உண்மையிலேயே வருத்தம் தருகிறது.

வருகிறவர்களின் சாப்பாட்டுக் கட்டுப்பாடுகளை நினைத்துத் தயங்குபவர்களும் இருக்கிறார்கள். ஒருவர் ஹலால் பார்ப்பார், ஒருவர் பாலும் தொடமாட்டார், ஒருவருக்குக் கோதுமை ஆகாது, ஒருவருக்கு முந்திரி ஒவ்வாமை. ஆனால் நம் பண்டிகைகளில் பிறரை அழைக்க மிக எளிதானது பொங்கல்தான். விருந்து முழுவதும் சைவம், முட்டை இல்லை, மது இல்லை, அடிப்படை அரிசியும் பருப்பும். வெண்பொங்கலுக்கு வெங்காயம், பூண்டுகூட வேண்டாம். நெய்க்குப் பதில் தேங்காய் எண்ணெயில் ஒரு சிறு பாத்திரம் தனியே தாளித்துவிட்டால் பாலைத் தவிர்ப்பவரும் சாப்பிடலாம். முந்திரியைக் கடைசியில் மேலே தூவாமல் தனிக் கிண்ணத்தில் வைக்கலாம். ஒவ்வாமை கடுமையானது என்றால் அன்றைக்கு அதை வீட்டிலேயே எடுக்காமலிருப்பது நல்லது. பலரும் கவனிக்காத இடம் பெருங்காயம். கடையில் விற்கும் கூட்டுப் பெருங்காயத் தூளில் கோதுமை மாவோ மைதாவோ கலந்திருப்பது வழக்கம். கோதுமை ஆகாதவருக்கு அரிசி மட்டும்தானே என்று நம்பிப் பரிமாறும் பொங்கலிலும் சாம்பாரிலும் அது இருக்கும். டப்பாவில் அச்சிட்டிருப்பதைப் படித்துவிட்டு, அரிசி மாவு சேர்த்த பெருங்காயம் வாங்குங்கள். அல்லது அன்றைக்குப் பெருங்காயமே வேண்டாம். மிளகை முழுதாகப் போடாமல் ஒன்றிரண்டாக உடைத்துப் போடுங்கள். பழக்கமில்லாதவர் முழு மிளகைக் கடித்துவிட்டால் அதோடு பொங்கலையே தள்ளிவைத்துவிடுவார். இவை தவிர வேறெதையும் மாற்றாதீர்கள். விருந்தாளிக்குப் பிடிக்காதோ என்று அஞ்சிச் சர்க்கரைப் பொங்கலுக்குப் பதில் கேக் வாங்கிவைப்பது அவரை அழைத்த காரணத்தையே இல்லாமல் செய்துவிடும்.

முற்றமும் விறகும் இல்லாமல் பொங்குவதெப்படி என்ற கவலைக்கும் பதில் நம் முறையிலேயே இருக்கிறது. இன்டக்‌ஷன் அடுப்பில் பித்தளைப் பானையும் மண்பானையும் சூடேறாது. அடிப்பாகத்தில் காந்தம் ஒட்டும் எவர்சில்வர் பாத்திரம் வேண்டும். கண்ணாடிப் பரப்புள்ள அடுப்பில் வெல்லப்பாகு வழிந்து கருகினால் துடைக்கும்போது கண்ணாடியில் குழி விழக்கூடும். ஆனால் வழக்கப்படி முதலில் பொங்க வேண்டியது பால்தானே! பால் பொங்கி வழிந்த பிறகு அரிசியும் பருப்பும், அவை குழைந்த பிறகு வெல்லம். இந்த வரிசையை மாற்றாமல், பால் வழிந்ததும் அடுப்பை அணைத்து ஆறவிட்டுத் துடைத்துவிட்டால் அடுப்புக்கும் கேடில்லை. பால் விளிம்பைத் தொடும் நேரத்துக்கு எல்லாரையும் அடுப்படிக்குக் கூப்பிடுங்கள். ‘பொங்கலோ பொங்கல்’ என்று குரல் கொடுக்கத் தமிழ் தெரிந்திருக்க வேண்டியதில்லை. வாழையிலை தாய்லாந்து, வியட்நாம் கடைகளில் உறையவைத்துக் கிடைக்கும். கிடைக்காவிட்டால் தட்டு போதும்.

எல்லாவற்றையும்விடக் கனமான ஆட்சேபம் ஒன்று இருக்கிறது. வீட்டில் விருந்து என்றால் யார் சமைப்பது? ஊரிலேயே பண்டிகை நாளில் பெண்கள்தான் இருட்டில் எழுந்து பந்தி முடியும்வரை நின்றுகொண்டே இருக்கிறார்கள். அயல்நாட்டில் கைக்கு உதவ அத்தை இல்லை, சித்தி இல்லை, வேலைக்கு ஆள் இல்லை. வீட்டுப் பெண்ணும் முழுநேர வேலை பார்ப்பவர். மண்டபமும் வெளிச்சாப்பாடும் அவருக்குக் கிடைத்த விடுதலை, அதைப் பறிப்பதா என்று யாராவது கேட்டால் அந்தக் கேள்வி நியாயமானது. அவர் ஒருவரே சமைத்து வைக்கும் விருந்தை நானும் ஆதரிக்கவில்லை. அப்படி நடப்பதைவிட விருந்தே வேண்டாம். முதலில் பதார்த்தங்களைக் குறைக்க வேண்டும். சர்க்கரைப் பொங்கல், வெண்பொங்கல், பல காய் சேர்த்த ஒரு சாம்பார், ஒரு சட்னி. வடையும் பாயசமும் வேண்டாம். அடுத்து, அந்த வீட்டு ஆண் அடுப்படிக்கு வர வேண்டும். அரிசி களைவதும் தேங்காய் துருவுவதும் பாத்திரம் கழுவுவதும் யாருக்கும் பிறவியிலேயே வந்த கலைகளல்ல. கடைசியாக, வருகிறவர்களுக்கும் வேலை கொடுக்க வேண்டும். மேலை நாடுகளில் விருந்துக்கு அழைத்தால் “நான் என்ன கொண்டுவரட்டும்?” என்று கேட்பது மரியாதை. நாமோ “ஒன்றும் வேண்டாம், சும்மா வாங்க” என்று சொல்லிப் பழகியவர்கள். அன்பினால் சொல்வதுதான், ஆனால் அந்த ஒரு சொல் முழுச் சுமையையும் சமைப்பவர் தலையில் ஏற்றிவிடுகிறது. பழம் கொண்டுவாருங்கள், தயிர் கொண்டுவாருங்கள், ஒரு மணி நேரம் முன்னதாக வந்து பூசணியும் அவரையும் நறுக்கிக் கொடுங்கள் என்று தாராளமாகச் சொல்லலாம். கூடச் சமைத்தவருக்கு அந்தச் சாப்பாட்டின் மீது ஓர் உரிமையும் வந்துவிடும்.

சூரியனுக்குப் படைக்கும் சடங்கு பிற சமயத்தாருக்குச் சங்கடமாக இராதா என்ற கேள்வியும் வெறும் கற்பனையன்று. மலேசியாவிலேயே 2020 ஜனவரியில், பள்ளிப் பொங்கல் விழாக்களில் முஸ்லிம் மாணவர்கள் கலந்துகொள்வது பற்றிய கல்வி அமைச்சின் கடிதமொன்று பெரும் சர்ச்சையைக் கிளப்பியது. அந்தச் சர்ச்சை எழுந்தது பள்ளியில் நடக்கும் கொண்டாட்டம் குறித்து. வீட்டில் போடும் சாப்பாடு குறித்தன்று. படையலைக் காலையில் குடும்பத்தோடு முடித்துக்கொண்டு, மாலையில் விருந்துக்கு அழைத்தால் யார் மனசாட்சிக்கும் நெருக்கடியில்லை. இதையும் அழைக்கும்போதே சொல்லிவிடலாம். தமிழ்நாட்டுத் தேவாலயங்களில் சமத்துவப் பொங்கல் வைக்கிறார்கள். இலங்கையில் கத்தோலிக்கத் தமிழர்களும் தைப்பொங்கல் கொண்டாடுகிறார்கள். எந்தச் சமயத்தாரும் உட்கார இந்த விருந்தில் இடமுண்டு.

தை முதல் நாள் வேலைநாளில் வந்தால் மாலை ஆறு மணிக்கு வைத்துக்கொள்ளலாம். அதுவும் முடியாதென்றால் மூன்றாம் நாளான காணும் பொங்கல் உற்றாரையும் நண்பரையும் கண்டுவருவதற்கென்றே நம் முன்னோர் ஒதுக்கிய நாள்தான். வெளிநாட்டில் பிள்ளைகளை வைத்திருக்கும் பெற்றோர்களும் இதில் ஒன்று செய்யலாம். பொங்கலன்று காணொளி அழைப்பில் “சங்கத்துக்குப் போனீர்களா?” என்று கேட்பதோடு “வீட்டுக்கு யாரை அழைத்தீர்கள்?” என்றும் கேளுங்கள். அயல்நாட்டில் இதைப் படிப்பவர்கள், தை பிறப்பதற்கு ஒரு வாரம் முன்பே பக்கத்து வீட்டுக் கதவைத் தட்டி, எதைச் சாப்பிடமாட்டீர்கள் என்று கேட்டுவிட்டு, பொங்கலுக்கு வரச்சொல்லி அழையுங்கள்.