பத்திரமும் வீடும்

கிரயப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் வில்லங்கம் பார்க்காத குடியானவரை தா.பழூர்ப் பக்கத்தில் இன்று காண்பது அரிது. மூலப்பத்திரம் இருக்கிறதா, பட்டா யார் பெயரில் உள்ளது, வாரிசுகள் அனைவரும் சம்மதிக்கிறார்களா என்றெல்லாம் கேட்க நம் ஜனங்கள் நன்றாகக் கற்றுக்கொண்டுவிட்டார்கள். இது சந்தோஷிக்கத் தக்கதே. ஆனால் இவ்வளவு ஜாக்கிரதையும் காகிதத்தோடு நின்றுவிடுகிறது. எந்த வீட்டுக்காக அந்தக் காகிதம் எழுதப்படுகிறதோ, அந்த வீட்டின் அஸ்திவாரம், தளம், மின்சாரக் கம்பி, தண்ணீர்க் குழாய், கழிவுத் தொட்டி ஆகியவற்றைப் பரிசோதிப்பார் இல்லை. சந்தையில் மாடு பிடிப்பவர் பல்லைப் பார்க்கிறார், சுழியைப் பார்க்கிறார், நடக்கவிட்டும் பார்க்கிறார். மண்பானை வாங்கும் மாது அதைத் தட்டிப் பார்த்த பிறகே காசை எடுக்கிறாள். ஆயுட்காலச் சேமிப்பைக் கொடுத்து வீடு வாங்குபவரோ, புதிதாக அடித்த வெள்ளையையும் வாசற்படியின் திசையையும் பார்த்துத் திருப்தியடைகிறார்.

குறை இருந்தால் கோர்ட் இருக்கிறதே என்று சிலர் எண்ணலாம். சட்டம் என்ன சொல்லுகிறது என்பதை அவர்கள் கவனிக்க வேண்டும். 1882-ஆம் ஆண்டின் சொத்து மாற்றுச் சட்டம், சொத்திலுள்ள முக்கியமான குறையை விற்பவர் வாங்குபவரிடம் வெளியிட வேண்டும் என்று 55-வது பிரிவில் விதிக்கிறது. வெளியிடாமல் மறைப்பது மோசடி என்றும் அதே பிரிவு கூறுகிறது. இது பெரிய கவசம்போல் தோன்றும். ஆனால் மூன்று நிபந்தனைகள் அதனுடன் சேர்ந்திருக்கின்றன. அக்குறை விற்பவருக்குத் தெரிந்திருக்க வேண்டும். வாங்குபவருக்குத் தெரியாதிருக்க வேண்டும். வாங்குபவர் சாதாரணக் கவனத்தோடு பார்த்தாலும் கண்டுபிடிக்க முடியாததாக இருக்க வேண்டும். இதற்கு மாறான ஒப்பந்தம் இல்லாதபோதுதான் இவ்விதி செல்லும் என்பதையும் மறக்கலாகாது. 'தளத்தில் துருக்கறை தெரிந்ததே, நிமிர்ந்து பார்க்கவில்லையா?' என்று எதிர்க்கட்சி வக்கீல் கேட்டால் வாதி என்ன பதில் சொல்லுவார்? ஆகவே, பரிசோதனை என்பது வாங்குபவர் விரும்பினால் செய்துகொள்ளும் சௌகரியமன்று. சட்டமே அவர் தலைமீது வைத்துள்ள பொறுப்பு அது.

2016-ஆம் ஆண்டின் ரியல் எஸ்டேட் சட்டம் இதைவிட ஒருபடி முன்னேறியது. வீட்டை ஒப்படைத்த 5 ஆண்டுகளுக்குள் கட்டுமானக் குறை தெரியவந்து முறையிட்டால், கட்டி விற்றவர் கூடுதல் பணம் கேளாமல் 30 நாட்களுக்குள் அதைச் சரிசெய்ய வேண்டும் என்பது அச்சட்டம். ஆனால் 500 சதுர மீட்டருக்கு மேற்படாத நிலத்திலோ, 8 வீடுகளுக்கு மேற்படாமலோ கட்டப்படும் திட்டங்களுக்கு அதன்கீழ்ப் பதிவு கட்டாயமில்லை. ஒருவர் குடியிருந்த பழைய வீட்டை மற்றொருவருக்கு விற்பது அச்சட்டத்தின் எல்லைக்குள் வருவதேயில்லை. தனி வீடுகள் கைமாறும் தா.பழூர் போன்ற ஊர்களுக்கு அதனால் விளையும் பயன் சொற்பமே. கடன் கொடுக்கும் பாங்கியின் மதிப்பீட்டாளர் வந்து பார்த்தாரே என்றால், தம் பாங்கியின் கடனுக்கு ஈடு போதுமா என்று பார்ப்பதுதான் அவர் வேலை. நம் குழந்தைகள் படுத்துறங்கும் கூரை நிலைக்குமா என்பதன்று.

காகிதத்தை நம்பிக் கட்டடத்தைப் பாராதிருப்பதன் விளைவை நம் மாகாணம் அறியாததல்ல. 2014 ஜூன் 28-ல் சென்னையை அடுத்த மௌலிவாக்கத்தில், கட்டி முடியும் தறுவாயிலிருந்த பதினொரு மாடிக் கட்டடம் சரிந்து 61 பேர் மாண்டனர். அக்கட்டடத்திற்குத் திட்ட அனுமதி இருந்தது. வீடுகளுக்குப் பணம் கொடுத்தவர்களும் இருந்தனர். கட்டுமான வடிவமைப்பிலேயே குறைகள் இருந்ததை, ஓய்வுபெற்ற நீதிபதி ரகுபதி தலைமையிலான விசாரணைக் கமிஷன் எடுத்துக்காட்டியது. அருகே நின்ற இரண்டாவது கட்டடமும் 2016 நவம்பர் 2-ல் வெடிவைத்துத் தகர்க்கப்பட்டது. சர்க்காரே கட்டிய வீடுகளின் கதையும் வேறல்ல. 2021-ல் புளியந்தோப்பு கே.பி. பார்க் குடியிருப்பில், விரலால் தொட்டதும் சுவர்ப் பூச்சு உதிர்ந்ததை நாடே கண்டது. அதன் பிறகே நிபுணர்கள் ஆய்வுக்கு அழைக்கப்பட்டனர். குடியேறுமுன் நடந்திருக்க வேண்டிய பரிசோதனையைக் குடியேறியவரின் விரல் செய்தது!

நம் ஜில்லாவில் சிமெண்ட் ஆலைகளுக்குக் குறைவில்லை. ஆயினும் சிமெண்ட் மாத்திரம் வீட்டை நிறுத்திவிடாது. கரிசல் மண் ஈரத்தில் உப்பி, கோடையில் சுருங்கும். அஸ்திவாரம் ஆழமில்லையேல், கதவு ஜன்னல்களின் மூலையிலிருந்து சுவரில் சாய்வாக வெடிப்பு ஓடும். பூச்சில் தெரியும் மயிரிழைக் கீறல் வேறு. சுவரின் இருபுறமும் தெரியும் வெடிப்பு வேறு. தளத்தின் அடிப்புறத்தில் பழுப்புக் கறை தெரிந்தால், உள்ளே கம்பி துருவேறுகிறது என்பது பொருள். துருவேறிய கம்பி பருத்துக் கான்கிரீட்டைப் பிளந்து தள்ளும். சிறு சுத்தியலால் தட்டினால் பழுதான இடம் வெற்றொலி தரும். மின் இணைப்பில், கசிவு ஏற்பட்டவுடன் மின்சாரத்தைத் துண்டிக்கும் சாதனமும், நில இணைப்பும் உண்டா என்று பார்ப்பது உயிர்ச் சமாசாரம். கழிவுத் தொட்டி குடிநீர்க் கிணற்றுக்கு எவ்வளவு தூரத்தில் இருக்கிறது, நிலைகளில் கரையான் புகுந்திருக்கிறதா என்பவற்றையும் விசாரிக்க வேண்டும். ஐப்பசி, கார்த்திகை மழையில் ஒருமுறை வீட்டைப் பார்த்துவிட்டால், தரகர் சொல்லாததையெல்லாம் சுவரே சொல்லிவிடும்.

பிரிட்டனில் வீடு வாங்குவோர் கட்டட ஆய்வாளரின் அறிக்கையைப் பெறுவது நெடுநாளைய வழக்கம். அவர்களுடைய தொழிற்சங்கம் 1868-லேயே தோன்றியது. அமெரிக்க ராஜ்யங்கள் பல, வீட்டுப் பரிசோதகர்களுக்கு லைசென்ஸ் வழங்குகின்றன. இங்கோ, வீடு விற்பனையில் நூற்றுக்கு 7 வீதம் முத்திரைத் தீர்வையும், 2 வீதம் பதிவுக் கட்டணமும் சர்க்கார் வசூலிக்கிறது. இருபது லட்ச ரூபாய்க் கிரயத்தில் இது 1,80,000 ரூபாய். இவ்வளவு பெற்றுக்கொள்ளும் சர்க்கார், கைமாறும் வீட்டின் நிலையைப் பற்றி ஒரு வார்த்தை கேட்பதில்லை. ஒவ்வொரு ஊராட்சி ஒன்றியத்திலும் எஞ்சினீயர்கள் இருக்கிறார்கள். நியாயமான கட்டணத்தில் அவர்களோ, லைசென்ஸ் பெற்ற தனி எஞ்சினீயர்களோ வீட்டைப் பார்த்து அறிக்கை தர ஏற்பாடு செய்வது அசாத்தியமல்ல. தமக்குத் தெரிந்த குறைகளை விற்பவர் எழுதிக் கையொப்பமிட்டு, அதைக் கிரயப் பத்திரத்தோடு இணைக்கும்படியும் விதிக்கலாம். 55-வது பிரிவு வாயால் சொல்லச் சொல்வதை எழுத்தில் கேட்பதே இது.

இதனால் செலவு கூடும், வியாபாரம் தடைப்படும் என்று ஆட்சேபிப்பார் உண்டு. நல்ல வீட்டை விற்பவருக்கு இதனால் நஷ்டமில்லை. அவர் வீட்டுக்கு மதிப்பே உயரும். குறையுள்ள வீட்டுக்கு விலை குறையுமானால், குறைய வேண்டியதுதான் நியாயம். வாங்குபவரும் பத்திரச் செலவில் ஒரு சிறு பங்கை எஞ்சினீயருக்கென ஒதுக்கத் துணிய வேண்டும். வக்கீல்களும் பத்திர எழுத்தர்களும், 'வில்லங்கம் பார்த்தாயிற்றா?' என்று கேட்கும் அதே மூச்சில், 'வீட்டைப் பார்த்தாயிற்றா?' என்றும் கேட்பார்களாக. கடல் கடந்து உழைத்தவரின் கூலியும், வயல் விற்றவரின் பணமும் முடங்கும் இடம் வீடு. பெட்டிக்குள் பத்திரம் பத்திரமாக இருப்பது மாத்திரம் போதாது. வீட்டிற்குள் இருப்பவர்களும் பத்திரமாக இருக்க வேண்டும்.