காரின் மூச்சும் உம்மாவின் குழாயும்



மாரி தொடங்குவதற்குச் சில வாரங்களுக்கு முன் சாய்ந்தமருதிலுள்ள என் தங்கையின் வீட்டுக்குப் போயிருந்தேன். கிணற்றடித் தண்ணீர் வழிந்தோடுவதற்காக வாங்கி வைத்திருந்த மூன்றங்குல பீ.வி.சி. குழாயைக் காணவில்லை என்று அவள் வளவெல்லாம் தேடிக்கொண்டிருந்தாள். கடைசியில் அது வாசலில் நின்ற காரின் பொனட்டுக்குள் கிடைத்தது.

“என்ன மனே இது?”

“எஞ்சினுக்குக் குளிர் காத்துப் போறதுக்கு உம்மா. கார் நல்லா இழுக்கும். பெற்றோலும் மிச்சம்.”

பெண்கள் படிக்கும் இந்தப் பக்கத்தில் கார் எஞ்சினுக்கு என்ன வேலை என்று கேட்பீர்கள். 2020 மார்ச்சில் வாகன இறக்குமதி நின்று, சொந்தப் பாவனைக் கார்கள் மீண்டும் வர 2025 ஆகிவிட்டது. அதனால் பழைய காரை வைத்துத்தான் பல வீடுகள் ஓடுகின்றன. வாலிபப் பிள்ளைகளின் கைவேலையும் அந்தக் காரில்தான் நடக்கிறது. அதற்குப் பணம் போவதோ உம்மாவின் உண்டியலிலிருந்து. ஆகவே நாமும் கொஞ்சம் தெரிந்திருப்பது நல்லது.

அடுப்பைப் போலவே எஞ்சினும் காற்று இல்லாமல் எரியாது. 1 கிலோ பெற்றோல் முழுமையாக எரிவதற்கு ஏறத்தாழ 15 கிலோ காற்று வேண்டும். காற்று சூடானால் விரிந்து மெலிந்துவிடும். வெளியே 30 பாகை செல்சியஸில் இருக்கும் காற்று பொனட்டுக்குள் 60 பாகைக்குச் சூடானால், அதே அளவு இடத்தில் அடங்கும் காற்றின் எடை நூற்றுக்கு ஒன்பது பங்கு குறைகிறது. மஹியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் பதினெட்டு வளைவில், முழுக் குடும்பத்தையும் சாமான்களையும் ஏற்றிக்கொண்டு கார் மூச்சு வாங்குவதற்கு இதுவும் ஒரு காரணம். ஆகவே குளிர்ந்த காற்றுக் கொடுத்தால் இழுவை கூடும் என்று பிள்ளை சொன்னது சரி.

பெற்றோல் மிச்சம் என்றதுதான் சரியில்லை. காற்று கூடினால் அதற்கு ஈடாகப் பெற்றோலும் கூடத்தான் உள்ளே போகும். சமதரையில் மெதுவாக ஓடும் காருக்கு எஞ்சினின் முழுப் பலமும் தேவையே இல்லை. 2022இல் கியூ.ஆர். காட்டி வாரத்துக்கு 20 லீற்றர் வாங்கிய காலத்தை மறக்காதவர்களுக்கு ‘மிச்சம்’ என்ற சொல் இனிக்கத்தான் செய்யும். என்றாலும் சக்கரத்தில் காற்றைச் சரியாக வைத்து, வேகத்தைக் குறைத்து ஓடினால் மிச்சமாவது போல இந்தக் குழாயால் மிச்சமாகாது.

இன்னொன்றும் உண்டு. பெரும்பாலான கார்களைச் செய்தவர்கள் இதை முன்பே யோசித்து, முன்விளக்கின் பின்பக்கமாகவோ ரேடியேட்டருக்கு மேலாகவோ வெளிக்காற்றை எடுக்கும் ஒரு மூக்கை வைத்தே அனுப்பியிருக்கிறார்கள். அதைக் கழற்றி வீசிவிட்டு, பளபளக்கும் கூம்பு பில்டர் ஒன்றை எஞ்சினுக்குப் பக்கத்தில் திறந்தபடி மாட்டினால், முன்பு கிடைத்த குளிர்ந்த காற்றும் போய் வெக்கைக் காற்றுத்தான் உள்ளே போகும். சத்தம் மட்டும் கூடும். சத்தம் கூடியதைப் பலம் கூடியதாக நினைப்பது வாலிபத்தின் குணம்.

எங்கள் பிள்ளை அந்தத் தவறைச் செய்யவில்லை. குழாயை முன் பம்பருக்குக் கீழே இறக்கி, நிலத்திலிருந்து ஒரு சாண் உயரத்தில் வாயை வைத்திருந்தான். குளிர்ந்த காற்று அங்கேதான் கிடைக்கும் என்பது அவனுடைய கணக்கு. மாரி மழை அந்தக் கணக்கில் இல்லை.

நமது கரையோரத்தில் கார்த்திகை, மார்கழி வந்தால் வீதி எது, வாய்க்கால் எது என்று தெரியாது. ஒரு மாலை தங்கையை ஆஸ்பத்திரியிலிருந்து கூட்டிவரும்போது, முழங்காலுக்குச் சற்றுக் கீழே நின்ற தண்ணீரில் காரை மெதுவாக இறக்கியிருக்கிறான். பக்கத்தில் போன மற்ற வாகனங்களெல்லாம் கடந்துவிட்டன. இவனுடைய கார் மட்டும் ஒரு தடவை உறுமிவிட்டு நின்றது. குழாய் வழியாக எஞ்சின் தண்ணீரைக் குடித்துவிட்டது.

காற்றை நசுக்கலாம், தண்ணீரை நசுக்க முடியாது. உரலில் நெல்லைப் போட்டுக் குத்தினால் உமி பறக்கும். கருங்கல்லைப் போட்டுக் குத்தினால் உலக்கைதான் உடையும். எஞ்சினுக்குள் பிஸ்டனைத் தாங்கும் தண்டு அப்படித்தான் வளைந்துபோனது. நின்றவுடன் விட்டிருந்தாலாவது தப்பியிருக்கலாம். பதற்றத்தில் அவன் மூன்று நான்கு தடவை சாவியைத் திருப்பியிருக்கிறான். தண்ணீரில் நின்றுபோன காரை மீண்டும் ஸ்டார்ட் பண்ணவே கூடாது. தள்ளி மேட்டில் ஏற்றி, பிளக்குகளைக் கழற்றித் தண்ணீரை வெளியேற்றிப் பார்த்த பிறகுதான் சாவியில் கை வைக்க வேண்டும். இதை வீட்டில் வாகனம் ஓட்டும் எல்லோருக்கும் சொல்லி வையுங்கள்.

ஓடும் வெள்ளத்துக்கு இந்த உபாயமும் உதவாது. 2024 நவம்பர் 26ஆம் திகதி மாவடிப்பள்ளியில் மத்ரஸாப் பிள்ளைகளை ஏற்றி வந்த உழவு இயந்திரத்தையே வெள்ளம் அடித்துக்கொண்டு போனது. அத்தனை பாரமான வாகனத்துக்கே அந்தக் கதி என்றால் காருக்கு என்ன சொல்ல?

எஞ்சினைப் பிரித்துச் சரிபார்க்கத் தங்கையின் காப்பு இரண்டும் விற்கப்பட்டன. அவள் மகனை ஏசவில்லை. அது அவனுக்கு ஏச்சைவிடக் கஷ்டமாக இருந்திருக்கும்.

பிள்ளையின் கைவேலையை ஒரேயடியாக நிறுத்தச் சொல்லவும் எனக்கு மனமில்லை. அவன் செய்ததில் ஒரு பகுதி நல்ல வேலை. எஞ்சினின் புகை போகும் இரும்புக்குழாய் நூற்றுக்கணக்கான பாகை சூடாகிறது. அதற்கும் எயார் பில்டர் பெட்டிக்கும் நடுவே ஓர் அலுமினியத் தகட்டை மறைப்பாக நிறுத்தியிருந்தான். பளபளப்பான அலுமினியம் தன்மேல் படும் வெக்கையில் பெரும்பங்கைத் திருப்பி அனுப்பிவிடும். தகடு பெட்டியில் ஒட்டாமல் ஒரு விரல் அளவு இடைவெளி இருக்க வேண்டும், அந்த இடைவெளியில் ஓடும் காற்றுத்தான் மீதி வெக்கையைக் கொண்டுபோகிறது. விளிம்புகளை மடித்துவிட வேண்டும், இல்லாவிட்டால் வயர்களை அறுத்துவிடும். பழைய அஸ்பெஸ்டஸ் துண்டை வெட்டி இதற்குப் பாவிக்க ஒருநாளும் விடாதீர்கள். அதன் தூள் நுரையீரலுக்குள் போனால் பல வருடங்கள் கழித்துப் புற்றுநோயாக வெளிப்படக்கூடும். பீ.வி.சி. குழாயும் எஞ்சின் சூட்டுக்கு ஏற்றதல்ல, 80 பாகைக்குக் கிட்டப் போனாலே இளகி வளையத் தொடங்கிவிடும்.

காருக்கு அடியிலும் இப்படியான மறைப்புத் தகடுகள் உண்டு. நாளடைவில் ஆணி துருப்பிடித்து அவை கிலுகிலுவென்று சத்தம் போடும். நமது உப்புக்காற்றுக்குத் துரு சீக்கிரமே பிடிக்கும். ‘தேவையில்லாத தகரம்’ என்று கழற்றி எறிந்துவிடுகிறவர்கள் இருக்கிறார்கள். எறிய விடாதீர்கள், இறுக்கிக் கட்டச் சொல்லுங்கள். அறுவடைக் காலத்தில் வீதியோரம் வைக்கோல் பரப்பிக் கிடக்கும்போது அதன்மேல் காரை நிறுத்தினால், அடியிலுள்ள சூடான குழாயில் வைக்கோல் பட்டுத் தீப்பிடிக்கக்கூடும். அந்தத் தகரம் இல்லாத காரில் மேலேயுள்ள சீற்றுக்கும் சூடு ஏறும்.

இப்போது காரில் பழைய மூக்கு திரும்பவும் மாட்டப்பட்டிருக்கிறது. அலுமினியத் தகடு அப்படியே நிற்கிறது. சென்ற மாதம் கண்டிக்குப் போய் வந்தோம். வளைவுகளில் முன்னைவிட நன்றாக இழுத்தது என்று மருமகன் சொன்னான். எனக்கு வித்தியாசம் தெரியவில்லை, ஆனாலும் ஆமென்று தலையாட்டினேன். பீ.வி.சி. குழாய் கிணற்றடியில் பதிக்கப்பட்டிருக்கிறது, தண்ணீர் நன்றாக ஓடுகிறது.