மரம் நட்டால் மட்டும் போதுமா?

ராஜபாளையத்திலிருந்து மேற்கே முடங்கியாறு சாலையில் சென்றால், மலையடிவாரத்தில் அய்யனார் கோவில் என்னும் இடம் வருகிறது. அங்கே ஓடும் ஆற்றைக் குளித்து மகிழவும் விடுமுறை கழிக்கவும் உரிய இடமாகவே நம்மில் பலர் அறிவோம். ஆனால் அந்த ஆற்று நீர்தான் ஆறாவது மைல் நீர்த்தேக்கத்தில் சேர்ந்து நகரத்தின் குடிநீராகிறது. நோன்பு திறக்கும்போது நாவை நனைக்கும் நீரும், உளூச் செய்யக் குழாயில் வரும் நீரும் அந்த மலைக்காட்டைக் கடந்து வந்தவையே.

மழை பொழிவது ஆண்டில் சில மாதங்கள்தாம். ஆனால் நமக்கோ ஆண்டு முழுவதும் நீர் வேண்டும். இடைப்பட்ட நாட்களில் நீரைச் சேமித்து வைப்பது காடு. உதிர்ந்த இலைகளும் வேர்களும் மண்ணைப் பஞ்சுபோல் ஆக்குகின்றன. மழைநீர் அதனுள் இறங்கி, சிறுகச் சிறுகக் கசிந்து ஓடையாகிறது. காடு சிதைந்தால் அதே மழை ஒரே நாளில் வெள்ளமாகப் பாய்ந்து போகும். பின்னர் ஆறு வறண்டு கிடக்கும். புவி வெப்பமடைவதால் பெருமழையும் நீண்ட வறட்சியும் மாறி மாறி வரும் இக்காலத்தில் காட்டின் இப்பணி முன்னைவிட இன்றியமையாதது.

“அப்படியானால் மரம் நடுவோம்” என்பதே நம் உடனடி மறுமொழி. அது நல்ல மறுமொழிதான். ஒருவர் நட்ட மரத்திலிருந்து மனிதரோ பறவையோ விலங்கோ உண்டால் அது அவருக்குத் தர்மமாக எழுதப்படும் என்னும் நபிமொழியின் கருத்தை நாம் அனைவரும் அறிவோம். ஆயினும் எந்த மரத்தை எங்கே நடுவது என்ற கேள்வியை நாம் அரிதாகவே கேட்கிறோம்.

நீலகிரி நமக்கு ஒரு பாடம் வைத்திருக்கிறது. அங்குள்ள இயற்கைப் புல்வெளிகளைத் தரிசு என்று எண்ணி, ஆஸ்திரேலியாவின் தைல மரங்களையும் சீகை மரங்களையும் பரவலாக நட்டார்கள். மலை பசுமையாகவே தோன்றியது. உதகமண்டலத்து மண், நீர்வளப் பாதுகாப்பு ஆய்வு மையத்தார் கிளன்மார்கனில் ஏறத்தாழ ஒரே அளவுள்ள இரண்டு சிறு நீர்ப்பிடிப்புப் பகுதிகளைத் தேர்ந்தெடுத்தனர். ஒன்றை இயற்கையாகவே விட்டனர். மற்றொன்றின் பெரும்பகுதியில் 1972இல் தைல மரம் நட்டனர். இரண்டிலிருந்தும் வெளியேறும் நீரைப் பல ஆண்டுகள் அளந்தனர். முதல் பத்தாண்டுச் சுழற்சியில், தைல மரம் நட்ட பகுதியின் நீர்வரத்து ஏறத்தாழ 16 விழுக்காடு குறைந்திருந்தது. நல்லெண்ணத்தோடு நட்ட மரமும் இடம் தவறினால் ஓடையின் நீரைக் குறைக்கும் என்பதை அளந்து பார்த்துத்தான் அறிய முடிந்தது.

இரண்டு ஓடைகளை ஒப்பிட்டு அளக்கும் இம்முறை இங்கே பிறந்ததன்று. 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலேயே சுவிட்சர்லாந்திலும் அமெரிக்காவிலும் கையாளப்பட்டது. காட்டாய்வுக்கு எல்லைகள் தாண்டிய கூட்டுறவு வேண்டியிருப்பது இதனால்தான். ஒரு மரத்தின் வாழ்நாள் ஓர் ஆய்வாளரின் வாழ்நாளைவிட நீண்டது. ஒரு நாட்டின் அனுபவம் மட்டும் போதாது. ஒரே முறையில் அளந்தால்தான் ஒப்பிட இயலும் என்றுணர்ந்த ஐரோப்பிய ஆய்வு நிலையங்கள் 1892இலேயே வன ஆராய்ச்சிக்கென ஒரு பன்னாட்டு ஒன்றியத்தை அமைத்தன. இன்று அதன் தலைமையகம் வியன்னாவில் உள்ளது.

நம் முதுமலையிலும் அத்தகைய பணி நடைபெறுகிறது. 1988இல் பெங்களூரு இந்திய அறிவியல் நிறுவனத்தார் அங்கே 50 ஹெக்டேர் காட்டைக் குறித்து, ஒரு சென்டிமீட்டர் தடிமன் உள்ள செடிவரை ஒவ்வொன்றுக்கும் எண்ணிட்டனர். எது வளர்ந்தது, எது தீயில் மடிந்தது, எதை யானை முறித்தது என்று பதிந்து வருகின்றனர். பனாமா நாட்டுத் தீவொன்றில் தொடங்கி உலகெங்கும் விரிந்த ஆய்வுக் காடுகளின் வலையமைப்பில் முதுமலையும் ஒன்று. வறட்சியைத் தாங்கும் மரம் எது, தீக்குப் பின் மீளும் காடு எது என்பதற்கு விடை இத்தகைய பொறுமையான பதிவுகளில்தான் இருக்கிறது.

அயல்நாட்டு மரம் என்பதாலேயே ஒன்று தீயதாகிவிடாது. சவுக்கும் வெளியிலிருந்து வந்ததே. பல நாட்டு விதைகளை வரவழைத்து ஒப்பிட்டுப் பார்த்து, கோவையிலுள்ள வன மரபியல் மற்றும் மர வளர்ப்பு நிறுவனம் நல்ல இரகங்களை நம் உழவர்களுக்குத் தந்துள்ளது. வயலில் வளரும் சவுக்கு காகிதத்துக்கும் சாரத்துக்கும் பயன்பட்டால், காட்டு மரத்தின்மேல் விழும் கோடரி குறையும். எல்லாம் இடத்தைப் பொறுத்தது.

ஸ்ரீவில்லிபுத்தூர் மலைகள் 1988இல் சாம்பல் நிற அணில்களின் சரணாலயமாயின; 2021இல் மேகமலையோடு சேர்ந்து புலிகள் காப்பகமாயின. சட்டம் வேலி போடும். வேலிக்குள் என்ன நிகழ்கிறது என்பதை ஆய்வுதான் சொல்லும். அந்த ஆய்வும் தலைமுறைகளாக அம்மலைகளை அறிந்த பளியர்களின் அறிவைக் கேட்காவிட்டால் முழுமை பெறாது.

“இது அறிஞர்களின் வேலை, நமக்கென்ன?” என்று கேட்கலாம். காடு நமக்கு அளிக்கப்பட்ட அமானிதம். பிறர் பொருளைப் பொறுப்பேற்றவர் அதன் கணக்கை வைத்திருக்க வேண்டாமா? நம் ஜமாஅத்துகள் ஆண்டுதோறும் மரம் நடுகின்றன, படமும் எடுக்கின்றன. மூன்றாண்டு கழித்து எத்தனை உயிரோடுள்ளன என்று எண்ணுவோர் எத்தனை பேர்? இனி அந்தந்த மண்ணுக்குரிய மரத்தைக் கேட்டறிந்து நடுவோம். ஒரு குறிப்பேட்டில் பதிந்து, ஒவ்வோர் ஆண்டும் எண்ணுவோம். மையவாடிகளில் நிற்கும் முதிய மரங்களை வெட்டாது காப்போம். ஓடும் ஆற்றருகே இருந்தாலும் உளூவில் நீரை வீணாக்கலாகாது என்னும் நபிவழியைக் குழாயடியிலும் பேணுவோம். மருத்துவமும் பொறியியலும் மட்டுமே படிப்பென்று எண்ணும் நம் பிள்ளைகளுக்கு மேட்டுப்பாளையத்தில் ஒரு வனக் கல்லூரி இருப்பதைச் சொல்வோம்.

அடுத்த முறை அய்யனார் கோவில் ஆற்றுக்குப் பிள்ளைகளை அழைத்துச் சென்றால், குளித்து முடித்தபின் சற்று நேரம் மலையைக் காட்டுவோம். வீட்டுக் குழாயில் வரும் நீர் எங்கிருந்து புறப்படுகிறது என்று சொல்லிக் கொடுப்போம். வரும்போது கொண்டுவந்த நெகிழிப் பைகளையும் மறவாமல் திரும்ப எடுத்து வருவோம்.