வேகத்தைக் கண் அளக்காது

கிழக்குக் கடற்கரைச் சாலையில் யாராவது அடிபட்டால், "பார்த்துக் கடக்கக் கூடாதா?" என்பதுதான் முதல் பேச்சு. பெரும்பாலும் பார்த்துவிட்டுத்தான் காலெடுத்து வைத்திருப்பார்கள். வண்டியின் வேகத்தைக் கண் நேரடியாக அளப்பதில்லை. விழித்திரையில் அதன் உருவம் பெரிதாகும் வீதத்தை வைத்தே மூளை கணக்குப் போடுகிறது. நம்மை அடைய 5 நொடி இருக்கையில், 40 கி.மீ. வேகத்தில் வரும் கார் சுமார் 55 மீட்டர் தள்ளி இருக்கும், 80 கி.மீ. வேகத்தில் வருவது 111 மீட்டர் தள்ளி. அந்தக் கணத்தில் வேகமான காரின் உருவம் பாதி வீதத்தில்தான் பெரிதாகிறது. ஆபத்து கூடக்கூட எச்சரிக்கை மங்குகிறது. பைக் குறுகலானது என்பதால் இன்னும் மோசம். நியூசம், ஷாட்லென் போன்ற நரம்பியல் ஆய்வாளர்கள் குரங்குகளிடம் நடத்திய சோதனைகளில், நகரும் புள்ளிகளின் திசை தெளிவில்லாதபோது முடிவெடுக்கும் நரம்பணுக்களின் துடிப்பு மெதுவாகவே ஏறியது. சான்று மங்கினால் மூளைக்கு நேரம் பிடிக்கும். சாலை ஓரத்தில் அந்த நேரம் கிடைப்பதில்லை.

ஊர்க்காரர்களுக்குப் பழகிப்போயிருக்கும் என்பார்கள். பழக்கம் ஓரளவு உதவும், ஆனால் குழந்தைக்கு உதவாது. லண்டன் ஆய்வாளர்கள் 2011-இல் வெளியிட்ட முடிவின்படி, ஏறத்தாழ 80 கி.மீ. வேகம்வரை வண்டி நெருங்குவதைப் பெரியவர்கள் உணர்ந்துகொள்கிறார்கள்; தொடக்கப்பள்ளிப் பிள்ளைகளோ 32 கி.மீ.யைத் தாண்டினாலே தடுமாறுகிறார்கள். நொடிக்கு ஒரு மீட்டர் நடக்கும் முதியவருக்கு 7 மீட்டர் சாலையைக் கடக்க 7 நொடி வேண்டும். அதற்குள் 80 கி.மீ. வேக வண்டி 155 மீட்டர் ஓடிவிடும். நடைமேம்பாலம் கட்டினால் போதும் என்போர், மூட்டுவலியோடு அந்தப் படிகளை ஏறுவது யார் என்பதையும் சொல்ல வேண்டும்.

இதே சாலையருகே உள்ள கல்பாக்கம் அணு உலையில் இயக்க அளவுகள் வரம்பு மீறினால், மனிதக் கண்ணுக்காகக் காத்திராமல் உலை தானே நின்றுவிடும். அந்த நெறியில் வேலை செய்வோர் வாழும் அணுபுரம் குடியிருப்பின் குடும்பங்களை, அருகே கடற்கரைச் சாலையிலுள்ள புதுப்பட்டினத்தில் சாலை கடக்கும்போது மட்டும் கண்ணை நம்பச் சொல்வது என்ன நியாயம்? நெடுஞ்சாலைக்கு வேகம் வேண்டும்தான். வீடில்லாத இடங்களில் வைத்துக்கொள்ளட்டும். மாமல்லபுரத்துக்குத் தெற்கே நான்குவழியாக விரியும் இந்தச் சாலையின் ஊர்ப்பகுதிகளில் மேடான கடவைகளைப் போட்டு வேகத்தை 30 கி.மீ.க்குக் குறைக்க வேண்டும். நடுத்திட்டில் நின்று இளைப்பாற இடம் விட்டால், ஒரு சமயத்தில் ஒரு பக்கத்து வண்டிகளை மட்டும் கணித்தால் போதும்.