இலை தரும் தண்ணீர்

அயலில் வசிக்கும் மாணவன் ஒருவன் சென்ற வாரம் எமது வெள்ளவத்தை இல்லத்துக்கு வந்தான். மன்னாரை அடுத்த காட்டுவழியே நண்பர்களுடன் இரண்டு நாள் நடைப்பயணம் போகப்போகிறானாம். "சேர், ஒரு போத்தல் தண்ணீர் போதும், முடிந்தால் செடிகொடிகளில் எடுத்துக்கொள்ளலாமாம்" என்றான். உடன் வந்த அன்னையின் முகத்தில் கவலை படர்ந்திருந்தது.

அவன் கேள்விப்பட்டது முற்றும் பொய்யன்று. வேர் உறிஞ்சும் நீரின் பெரும்பகுதியை இலைகள் நுண்துளைகள் வழியே ஆவியாக வெளியிடுகின்றன. இதனையே ஆவியுயிர்ப்பு என்கிறோம். வெயில் படும் இலைக்கொப்பு ஒன்றைத் தெளிந்த பொலித்தீன் பைக்குள் புகுத்தி, வாயை இறுகக் கட்டிவிட்டால், அவ்வாவி உட்புறத்தில் படிந்து, பையின் தாழ்ந்த மூலையில் துளித்துளியாகத் திரளும். நச்சு மரங்களை விலக்கவேண்டும். கள்ளி, எருக்குப் போன்று பால் வடிப்பவற்றின் அருகே போகவே கூடாது.

தாவரங்கள் தாமே நீரைத் தேக்கி வைப்பதும் உண்டு. விசிறிவாழையைப் 'பயணியர் மரம்' என்பர். மடகாஸ்கரைப் பிறப்பிடமாகக் கொண்ட அம்மரத்தின் மட்டையடியில் மழைநீர் தேங்குவது மெய்யே. ஆனால் கொழும்பில் அந்நீரை நாடி வருவோர் பயணியரல்லர், நுளம்புகள்!

இலங்கைக்கே உரிய கெண்டிச்செடியின் கதை இன்னும் வேடிக்கையானது. சிங்களத்தில் 'பந்துரா' எனப்படும் இதன் இலைநுனியில் மூடியுடன் குடுவையொன்று தொங்கும். அதனுள்ளே நீர் இருக்கும். சுவீடன் தேசத்து அறிஞர் லின்னேயசு இதன் இனத்துக்கு, துயர் அகற்றும் மருந்தொன்றின் கிரேக்கப் பெயரையே சூட்டிவிட்டார். மூடி திறவாத குடுவையின் நீர் பெரும்பாலும் தூயது. திறந்ததிலோ செத்த பூச்சிகள் மிதக்கும். அச்செடி வளர்வதுதான் எங்கே? ஓடைகள் மலிந்த தென்மேற்கு ஈரவலயத்தில்! மன்னார்க் காட்டில் தாகித்தவனுக்கு அதனால் யாது பயன்?

கண்டி இராச்சியத்தில் ஏறத்தாழப் பத்தொன்பது ஆண்டுகள் சிறையிருந்த ஆங்கிலேயர் றொபேட் நொக்சு, 1679இல் தோழர் ஒருவருடன் தப்பி, மன்னார்ப் பக்கத்து அரிப்புக் கோட்டையை அடைந்தார். அருவியாறு என்று தமிழர் வழங்கும் மல்வத்து ஓயாவின் வழியைப் பற்றியே அவர்கள் அக்காட்டைக் கடந்தனர்.

எமது பேச்சால் அன்னையின் கவலை தீரவில்லை. மறுநாட் காலை ஆறு மணிக்கு முற்றத்து ஜம்பு மரத்தில் பை கட்டினோம். மாலை ஐந்து மணிக்கு அவிழ்த்தோம். கிளாசில் கால்பங்கும் நிறையவில்லை; பச்சிலை வாடை வேறு. வெயிலில் நடப்பவனுக்கோ நாளொன்றுக்கு மூன்று லீற்றராவது வேண்டும்.

மாணவன் அதனை ஒரே மிடறில் குடித்துவிட்டு மௌனமாக நின்றான்.

"ஆறு போத்தல் எடுத்து வை, தம்பி" என்றார் அன்னை. "அந்தப் பையும் கிடக்கட்டும்."